ஜப்பானில் நண்பர் வீட்டுப் பயணம்: கடைசி நாள் யாருக்கு உரியது?

ஏரிக்கரை எழுதியது:

ஜப்பானில் இருக்கும் நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே நிறையக் கேள்விகள் கேட்கிறார்கள். கடைசி நாளைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும், "மாலையில்தான் விமானம் என்றால் காலையில் அசாகுசா கோயிலைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் மின்னணுக் கடைகள் நிறைந்த அக்கிஹாபாரா போய்விட்டு நரித்தா விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. விடுதியில் தங்கியவருக்கு அது பொருந்தலாம். நண்பரின் வீட்டில் தங்கியவருக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. புறப்படுகிற நாள் அந்த வீட்டாருக்கும் அவர்களுடைய தெருவுக்கும் உரியது. அதை அப்படிச் செலவிடுவது எப்படி என்று எழுதவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் நண்பர்கள் ஒரு ஜப்பானியத் தம்பதியர். கணவருக்கு ஒரகடம் பக்கத்தில் வேலை இருந்த காலத்தில் சென்னையில் எங்கள் அடுக்ககத்திலேயே குடியிருந்தார்கள். இப்போது தோக்கியோவில், தைத்தோ வார்டின் யானாகா பகுதியில், கணவரின் தாயாருடன் வசிக்கிறார்கள். 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் தோக்கியோவின் பெரும்பகுதி எரிந்துபோனபோது பெரும்பாலும் தப்பிய பகுதி யானாகா. அதனால் அங்கே இன்னமும் குறுகிய சந்துகள், மரவீடுகள், தெருவுக்குத் தெரு சிறு கோயில்கள் என்று பழைய நகரத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது. நிப்போரி நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து நரித்தா விமான நிலையத்துக்கு ஸ்கைலைனர் ரயில் உண்டு. மிக விரைவான வண்டி இரண்டாம் முனையத்துக்கு 36 நிமிடத்தில் போய்விடுகிறது. 2010 ஜூலையில் புதிய தடம் திறந்ததிலிருந்து வழியில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுகிற வண்டி இது. மாலை ஆறு மணியளவில் விமானம் என்றால் பிற்பகல் இரண்டு மணி வரை நண்பர்களுடன் நிம்மதியாக இருக்கலாம் என்பதுதான் இதனால் கிடைக்கும் உண்மையான பயன்.

அன்றைய காலை, படுக்கையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஜப்பானிய வீட்டில் விருந்தினருக்குத் தத்தாமி பாயின்மேல் ஃபூட்டோன் மெத்தை விரிப்பது வழக்கம். மற்ற நாட்களில் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். புறப்படுகிற நாளில் விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றித் தனியே மடித்து வைத்துவிட்டு, மெத்தையை மூன்றாக மடித்து அறையின் ஓரத்தில் விட்டுவிட வேண்டும். இரவின் ஈரம் மெத்தையில் இருக்கும் என்பதால் வீட்டார் அதை வெயிலில் உலர்த்திய பிறகுதான் உள்ளே வைப்பார்கள். உதவி செய்வதாக நினைத்து நாமே அலமாரிக்குள் அடுக்கிவிட்டால் அவர்கள் மறுபடியும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பெட்டியைத் தத்தாமியின்மேல் ஒருபோதும் இழுக்காதீர்கள். கோரைப்புல் நெசவில் சக்கரத் தடம் விழுந்தால் போகாது. இருவராகத் தூக்கி, செருப்பு கழற்றும் தாழ்ந்த தளம் வரை கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது குப்பை. இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் வீட்டாருக்கு நாம் விட்டுச்செல்லும் சுமைகளில் பெரியது இதுதான். நாம் வாங்கிக் குடித்த நெகிழிப் புட்டிகள், பிரித்த அட்டைப்பெட்டிகள், தின்பண்ட உறைகள் எல்லாம் வெவ்வேறு கிழமைகளில் வெவ்வேறு வகையாக எடுக்கப்படுகின்றன. பல இடங்களில் காலை எட்டு மணிக்குள் வெளியே வைத்துவிட வேண்டும். எரிக்கும் குப்பை நாள் தவறிவிட்டால் அடுத்த முறை வரை அது அவர்களுடைய சிறிய சமையலறையிலேயே கிடக்கும். முந்தைய இரவே உட்கார்ந்து பிரித்து வைத்துவிடுங்கள். புட்டியின் மூடியைக் கழற்றி, பக்கவாட்டில் துளைக்கோடு இருக்கும் இடத்தில் நகத்தால் கிள்ளினால் மேலுறை ஒரே இழுப்பில் வந்துவிடும். பிறகு உள்ளே தண்ணீர் விட்டு அலசி, காலால் மிதித்துத் தட்டையாக்கினால் முடிந்தது. இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நண்பரின் தாயார் வந்து பக்கத்தில் அமர்ந்து அவரும் ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார். எங்களுக்குப் பொதுவான மொழி எதுவும் கிடையாது. இருந்தாலும் அந்தப் பயணத்தில் அவருடன் நான் மிக நெருக்கமாக இருந்த நேரம் அதுதான்.

காலை பத்து மணிக்குமேல் எல்லோரும் யானாகா கின்சா கடைத்தெருவுக்கு நடந்தோம். ஏறக்குறைய 170 மீட்டர் நீளமே உள்ள, வண்டிகள் நுழையாத தெரு. நிப்போரிப் பக்கத்திலிருந்து வந்தால் யூயாக்கே தந்தான் என்ற 36 படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். மாலையில் அந்தப் படிகளின் உச்சியில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். காலையில் அங்கே உள்ளூர்க்காரர்கள்தான் இருப்பார்கள். தாயார் தமக்கு வழக்கமான தேயிலைக் கடை, ஊறுகாய்க் கடை, அரிசி அப்பளம் போன்ற செம்பே சுடும் கடை என்று ஒவ்வொன்றிலும் நின்று, "இவர்கள் இந்தியாவிலிருந்து வந்த நம் நண்பர்கள், இன்று ஊருக்குப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்காரர்கள் குனிந்து வணங்கினார்கள். எந்தச் சுற்றுலா வழிகாட்டியாலும் வாங்கித் தர முடியாத மரியாதை அது. அந்தத் தெருவில் ஒரு விருந்தாளியாக நடக்கும் உரிமை நமக்கு அந்த வீட்டின் வழியாக மட்டுமே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு அசாகுசாவில் பல்லாயிரம் பேருடன் நெரிசலில் நிற்பது சரியான தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

கிழக்குக்கரை எழுதியது:

அருமையான பதிவு. ஆனாலும் ஒரு மாற்றுக்கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் ஆண்டுக்கணக்காகப் பணம் சேர்த்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஜப்பானுக்குப் போகிறோம். திரும்பிப் போவோமா என்பதே தெரியாத நிலையில் கிடைக்கும் அரை நாளைக் கடைத்தெருவிலும் குப்பை பிரிப்பதிலும் கழிக்க வேண்டும் என்று சொல்வது கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது. நண்பர்களும் நாம் நன்றாக ஊர் பார்க்க வேண்டும் என்றுதானே விரும்புவார்கள்? வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், நம்மை எப்படிப் பொழுதுபோக்கச் செய்வது என்ற கவலை அவர்களுக்கு வராதா? என் அனுபவத்தில், காலையில் நாங்கள் வெளியே போய்விட்டது நண்பருக்கு ஆறுதலாகவே இருந்தது.

ஏரிக்கரை எழுதியது:

நண்பர் கிழக்குக்கரை சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். வீட்டுக்குள்ளேயே அமர்ந்து அவர்களைத் திணறடிக்கக் கூடாது. அதனால்தான் தெருவுக்குப் போகச் சொன்னேன். கடைசி நாளில் தொலைவு வேண்டாம் என்பதுதான் என் வாதம். பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நிப்போரி நிலையத்தை ஒட்டியே தென்னோஜி கோயில் இருக்கிறது. அதன் முற்றத்தில் 1690இல் வார்த்த வெண்கலப் புத்தர் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். அதை அடுத்த பெரிய இடுகாட்டில்தான் தொக்குகாவா மரபின் கடைசி ஷோகுனான, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரான, யோஷினோபுவின் கல்லறை இருக்கிறது. ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்த பிறகும் அவர் நெடுநாள் வாழ்ந்து 1913இல்தான் மறைந்தார். இடுகாட்டின் நடுச்சாலையில் இருபுறமும் செர்ரி மரங்கள். சற்றுத் தள்ளி, 1787இல் தொடங்கிய காஷிவாயு என்ற பொதுக் குளியலகத்தின் கட்டடம் 1993 முதல் தற்காலக் கலைக்கூடமாக இயங்குகிறது. கூரையும் புகைக்கூண்டும் பழையபடியே இருக்கின்றன. சிற்பி அசாகுரா ஃபூமியோவின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே திங்களும் வியாழனும் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் நடை தூரத்தில். அவ்வளவையும் நண்பருடன் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

இடுகாட்டுக்கு விருந்தாளியை அழைத்துப் போவார்களா என்று சிலருக்குத் தோன்றலாம். அங்கே அது இயல்பான நடைபாதை. என் நண்பரின் தந்தையின் கல்லறையும் அந்தப் பகுதிக் கோயில் ஒன்றில் இருக்கிறது. ஊருக்குப் புறப்படும் முன் தாயார் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். மரவாளியில் தண்ணீர் எடுத்துக் கல்லின்மேல் ஊற்றிக் கழுவினார். பூ வைத்தார், ஊதுவத்தி கொளுத்தினார். அகப்பையை என்னிடம் நீட்டி நானும் ஊற்றும்படி சைகை காட்டினார். அன்று காலை நான் அசாகுசாவில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பயணப்பை எழுதியது:

ஏரிக்கரை சொல்லும் நிதானமான கடைசி நாள் வாய்க்க வேண்டுமானால், தொந்தரவு தரும் வேலைகளை முந்தைய நாட்களிலேயே முடித்திருக்க வேண்டும்.

பெரிய பெட்டியை வீட்டிலிருந்தே விமான நிலையத்துக்கு அனுப்பும் கூரியர் சேவை உண்டு. யமாத்தோ நிறுவனம் 1976இல் தொடங்கிய வீட்டு விநியோகம்தான் இதற்கு முன்னோடி. விமான நிலைய விநியோகத்துக்குக் குறைந்தது ஒரு நாள், பாதுகாப்பாக இரண்டு நாள் முன்பே ஒப்படைக்க வேண்டும். நண்பர் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். நிப்போரிப் பக்கத்துச் சந்துகளிலும் படிகளிலும் 23 கிலோ பெட்டியை இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதியவர்கள் வழியனுப்ப வரும்போது அவர்கள் நம் பெட்டியைத் தூக்க முனைவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ரயிலிலும் கடைகளிலும் பயன்படும் முன்பண அட்டையான சுய்காவில் பணம் மீதமிருந்தால், கடைசி நாளில் செம்பே, தேயிலை வாங்க அதையே பயன்படுத்துவது எளிது. சாதாரணச் சுய்காவை ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனத்தின் நிலையங்களில் திருப்பிக் கொடுத்தால் 500 யென் வைப்புத்தொகை கிடைக்கும். மீதிப் பணத்திலிருந்து 220 யென் கட்டணம் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான 28 நாள் வெல்கம் சுய்காவில் வைப்புத்தொகையும் இல்லை, மீதியும் திரும்பாது. பணமாற்று முகப்புகளில் நாணயங்களை வாங்க மாட்டார்கள் என்பதால் சில்லறையை அந்தக் கடைத்தெருவிலேயே செலவழித்துவிடுங்கள்.

வரிவிலக்கில் வாங்கிய தின்பண்டங்களை முத்திரையிட்ட பையில் தருவார்கள். ஜப்பானை விட்டுப் போகும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. எனவே நண்பர் வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட நினைப்பதை வரிவிலக்கில் வாங்காதீர்கள். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறையே மாறுகிறது. வரியைக் கட்டி வாங்கிவிட்டு, புறப்படும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகு வரி திரும்பக் கிடைக்கும். அதன்பின் போகிறவர்கள் விமான நிலையத்தில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். அப்படி வாங்கிய பொருட்களைப் பெட்டியின் அடியில் திணிக்காமல், கேட்டால் காட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிழல்மரம் எழுதியது:

நான் தோக்கியோவின் எதோகாவா வார்டின் நிஷிகசாயில் வசிக்கிறேன். 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினித் துறை வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் நிறையக் குடியேறிய பகுதி இது. வருகிற விருந்தினர்களில் பலர் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க வருகிறவர்கள். ஆகவே வீட்டுக்காரர் தரப்பிலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் புறப்படுவது பெரும்பாலும் வேலைநாளாக இருக்கும். நாங்கள் அரைநாள் விடுப்பு எடுத்துத்தான் உங்களுடன் இருக்கிறோம். அந்த அரைநாளில் நீங்கள் கடைக்குப் போய்விட்டால், அந்த விடுப்பு எதற்கு என்ற வருத்தம் வரும். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஏரிக்கரை எழுதியதை நான் முழு மனதுடன் ஆதரிப்பது இதனால்தான். விடியற்காலையில் சேர்ந்து நடப்பதற்குக் கசாய் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் ஃபூஜி மலை தெரியும். அலுவலகம் தொடங்கும் முன்பே போய்த் திரும்பிவிடலாம்.

இரண்டாவது, பொதிகள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மூட்டுவலிப் பட்டை, அக்கா பிள்ளைகளுக்குப் பேனா, பென்சில், மாமியாருக்குச் சமையலறைக் கத்தி என்று நாங்கள் ஏதாவது கொடுத்தனுப்பாமல் இருப்பதில்லை. இதைக் கடைசி நாள் காலையில் திடீரென்று நீட்டுவது எங்கள் தரப்புத் தவறுதான். விருந்தினர்களே இரண்டு நாள் முன்பு, "எங்களிடம் ஐந்து கிலோ இடம் இருக்கிறது, என்ன அனுப்ப வேண்டும்?" என்று கேட்டுவிட்டால் இருவருக்கும் சங்கடம் இருக்காது. எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, உங்கள் கையாலேயே பெட்டியில் வையுங்கள். கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மிசோ என்ற புளித்த சோயா விழுதைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது; அதையும் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும்போது எங்களுக்காகப் பச்சைக் கறிவேப்பிலையும் மாங்காயும் எடுத்துவர ஆசைப்படுவீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை ஜப்பானுக்குள் அனுமதிப்பதில்லை. அரைத்த காப்பித்தூளும் வீட்டுச் சாம்பார்ப் பொடியும் கொண்டுவந்தால் போதும். நீங்கள் போன பிறகு ஒரு மாதம் அந்தப் பொடியில்தான் எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும்.

தென்காற்று எழுதியது:

பிற்பகல் இரண்டு மணி வரை வீட்டில் இருக்கலாம் என்பது நல்ல வானிலைக்குச் சரி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் காலம் என்பதை மறந்துவிட வேண்டாம். 2018 செப்டம்பர் 4 அன்று ஒசாக்காவில் அடித்த ஜெபி புயலில், கடலுக்குள் செயற்கைத் தீவாகக் கட்டப்பட்ட கன்சாய் விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. நங்கூரம் பிடிக்காமல் காற்றில் அடித்துச் செல்லப்பட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்று நிலத்தோடு இணைக்கும் ஒரே பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று ஃபக்ஸாய் புயலின்போது நரித்தாவுக்கான ரயில்களும் சாலைகளும் நின்றுபோனதால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விமான நிலையத்திலேயே தங்க நேர்ந்தது.

ஜப்பானில் ரயில் நிறுவனங்கள் புயலுக்கு முந்தைய நாளே வண்டிகளை நிறுத்தப்போவதாக அறிவித்துவிடுவது இப்போது வழக்கம். அந்த அறிவிப்புகளை விருந்தினரைவிட வீட்டுக்காரர் நன்றாகப் புரிந்துகொள்வார். "இன்றே கிளம்பி விமான நிலையம் பக்கத்தில் தங்குங்கள்" என்று அவர் சொன்னால், உபசாரத்துக்காக மறுக்காமல் கிளம்பிவிடுங்கள். சாதாரண நாளிலும் ஒரு தடத்தில் விபத்து என்றால் மாற்றுவழி தெரிந்திருக்க வேண்டும். நிப்போரியில் ஸ்கைலைனர் நின்றாலும், அதே கெய்சேய் ரயில் நிறுவனத்தின் பழைய முதன்மைத் தடத்தில் விரைவு வண்டிகள் ஓடினால் அவற்றில் போகலாம். இரட்டிப்பு நேரம் ஆகும், கட்டணம் குறைவு.

மாடிவீடு எழுதியது:

எங்களுடையது சைவக் குடும்பம். புறப்படும் நாளில் நண்பர் வீட்டில் விடைவிருந்து என்று ஏதாவது சமைப்பார்களே, அதை எப்படி எதிர்கொண்டீர்கள்? பதிலுக்கு நாம் என்ன கொடுப்பது? அவர்கள் வழியனுப்பும் முறை எப்படி இருக்கும்? எங்கள் விமானம் காலை பத்தரை மணிக்கு என்பதால் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்புக்குக்கூட உலர்ந்த மீனில் எடுத்த சாறுதான் அடிப்படை. அதை முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட்டால், கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷியித்தாக்கே காளானிலும் சாறெடுத்துச் சமைப்பார்கள். அவர்களுடைய புத்த மடங்களில் அந்த முறை நெடுங்காலமாக இருப்பதால் முதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குக் கடைசி நாளில் தனி விருந்து ஏதும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தாயார் அதற்குப் பதிலாக வழிக்குச் சோற்றுருண்டை செய்து கொடுத்தார். ஊறுகாய்க் கடையில் வாங்கிய உமேபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழத்தில் உலர்மீன் தூள் கலந்திருக்கிறதா என்று பொட்டலத்தின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கையை நனைத்து, உள்ளங்கையில் உப்பைத் தடவி, சூடான சோற்றை வைத்து நடுவில் அந்தப் புளிப்புப் பழத்தை அழுத்தி, நான்கைந்து திருப்பில் முக்கோணமாக்கினார். நோரி என்ற கடற்பாசித் தாளைச் சோற்றின்மேல் சுற்றாமல் தனியே மடித்து வைத்தார். சாப்பிடும்போது சுற்றினால்தான் மொறுமொறுப்பாக இருக்கும். விமான நிலையத்தில் இருக்கையில் அமர்ந்து அப்படியே செய்து சாப்பிட்டோம்.

நாம் கொடுக்கும் பரிசைப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் வந்த அன்றே கொடுத்துவிடுவது நல்லது. கடைசி நாளில் கொடுத்தால் உடனே பதில் பரிசு தேடிக் கடைக்கு ஓடுவார்கள். விடைபெறும்போது அவர்கள் கண்டிப்பாக ஏதாவது கொடுப்பார்கள். அதற்குப் பெட்டியில் இடம் விட்டு வையுங்கள். உங்களுக்கு அவர்கள் என்ன தரலாம் என்று கேட்டால் யோக்கான் என்று சொல்லுங்கள். சிவப்புக் காராமணி போன்ற அட்ஸுக்கிப் பயறு, சர்க்கரை, கடற்பாசியில் எடுக்கும் அகர் ஆகியவற்றால் ஆன இனிப்பு அது. ஜெலட்டின் கிடையாது, பல மாதங்கள் கெடாது. வீட்டுப் பெரியவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

வழியனுப்புவது பற்றி ஒரே ஒரு செய்தி. பயணச்சீட்டு வாயிலில் நீங்கள் உள்ளே போன பிறகும் அவர்கள் நகர மாட்டார்கள். உங்கள் உருவம் மறையும் வரை அங்கேயே நிற்பார்கள். இது தெரியாமல் பலர் ஒரு முறை கையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே படியேறிவிடுகிறார்கள். திருப்பத்தில் நின்று திரும்பி, ஒரு முறை நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போங்கள். தாயாரைப் போன்ற முதியவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் அன்றே செய்தி அனுப்புங்கள். பிறகு ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய கடிதம் ஒன்றும் அனுப்பினால் மிகவும் மகிழ்வார்கள்.

உங்கள் விமானம் காலை பத்தரைக்கு என்றால், ஏழரை மணிக்குள் நரித்தாவில் இருக்க வேண்டும். அதற்காக முதிய பெற்றோர் உள்ள வீட்டை விடியலுக்கு முன் எழுப்பாதீர்கள். முந்தைய நாள் மாலை விடைபெற்று விமான நிலையத்துக்கு அருகே தங்கிக்கொண்டு, அந்த முந்தைய நாளையே கடைசி நாளாக எண்ணி நண்பர்களுக்கு ஒதுக்குங்கள். நண்பர்களால் நரித்தா வரை வர முடிந்தால், 940இல் நிறுவப்பட்ட நரித்தாசான் ஷின்ஷோஜி கோயிலும் அதற்குப் போகும் பழைய கடைவீதியும் நரித்தா ஊரின் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. மாலை ஐந்து மணிவாக்கில் அந்த வீதியில் பல கடைகள் மூடத் தொடங்கிவிடும் என்பதால் மதியமே போய்ச் சேர்வது நல்லது.

மாடிவீடு எழுதியது:

மிக்க நன்றி. முந்தைய நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்வது என்று நானும் என் கணவரும் முடிவு செய்துவிட்டோம். நண்பருக்கும் இன்றே எழுதிக் கேட்டுவிட்டேன். அவரும் மனைவியும் நரித்தா வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுகிறோம்.